ஊருக்கே பழம்

வியாசர்பாடியில் மேம்பாலத்துக்குக் கீழே கன்னியம்மாள் பஜ்ஜி போடுகிற இடத்தில், ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மீன் வண்டிக்காரர் லாசர் இரண்டு மிளகாய் பஜ்ஜியைத் தின்று முடித்து, விரலில் இருந்த எண்ணெயைப் பொட்டலத் தாளிலேயே துடைத்துக்கொண்டு, சட்னியில் உப்பு கம்மி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது அது இல்லை.

"எறும்பு தூக்குற பாரம் எங்கப்பன் தோளு,
இரும்பு தேயுற நேரம் எங்கம்மா நாளு,
திரும்பிப் பாக்காத ஊரே, நின்னு நீ கேளு!"

வஞ்சிரம், வவ்வா, சங்கரா என்பதைத் தவிர எதையும் உரக்கச் சொல்லிப் பழகாத மனுஷர், கழுத்தை வெட்டி, கையை வீசி, அடி பிசகாமல் பதினாறு வரி சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டார். சுற்றி நின்றவர்கள் யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை. கன்னியம்மாள் கரண்டியில் எண்ணெயை வடித்துக்கொண்டே, "அதெல்லாம் இருக்கட்டும் லாசரண்ணே, சட்னி இன்னும் வோணுமா வோணாமா?" என்றாள். வேணும் என்று அவர் தலையை ஆட்டினார்.

பக்கத்தில் தன் ஜெராக்ஸ் கடையில் யாருக்கோ சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருந்த வேதமுத்துவுக்குத்தான் பேனா நின்றுபோனது. அந்தப் பதினாறு வரியும் அவருக்குத் தெரியும். 'சொல்லடி', பன்னிரண்டாவது இதழ், ஒன்பதாம் பக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தியவர் அவர்தான். எழுந்து போய்க் கன்னியம்மாளின் தாள் கட்டைப் பார்த்தார். பழைய 'சொல்லடி'தான், கட்டுக் கட்டாக, நூல்கூடப் பிரிக்காமல்.

"இது எங்க கிடைச்சுதுக்கா?"

"ராயபுரத்துல அச்சாபீஸ் ஒண்ணு இடிக்கிறாங்கப்பா. கொடோன்ல மூட்டையா கெடந்துச்சி. எடைக்கி வாங்கியாந்தேன். நல்லா வயவயன்னு கீது, எண்ண ஒயுவ மாட்டேங்குது. ஏன், உனுக்கு வோணுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார் வேதமுத்து. விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் 'லாசர்' என்று எழுதிவிட்டு, அப்புறம் அடித்தார்.

'சொல்லடி' என்று ஒரு பத்திரிகை இருந்தது என்றால் இன்றைக்கு யார் நம்புகிறார்கள்? இருந்தது. கப்பலில் வருகிற மாலுமிகள் படித்துவிட்டுப் போட்ட வெளிநாட்டு ஹிப் ஹாப் பத்திரிகைகள் பர்மா பஜார் பிளாட்பாரத்தில் ஷேவிங் கிரீமுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில் கிடக்கும் காலம் அது. வேதமுத்துவும் அவருடைய கூட்டாளி எட்வினும் அதை வாங்கி வந்து, இங்கிலீஷ் பாதி புரியாமல், படங்களை மட்டும் மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். அந்த நடுப்பக்கத்து மையின் வாசனை இருக்கிறதே, புது செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, அதற்காகவே மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தார்கள். ஒருநாள் எட்வின் ஒரு படத்தைக் காட்டி, "டேய், இவனுங்க நம்ம ஆளுங்க மாதிரியே நிக்கிறானுங்கடா" என்றான். அவ்வளவுதான், அங்கே பிடித்தது பைத்தியம். எட்வின் ஆசிரியர், வேதமுத்து உதவி ஆசிரியர், பிழை திருத்துபவர், தபால் தலை ஒட்டுபவர், எல்லாமும்.

பேட்டையில் வாயால் பாட்டுக் கட்டுகிறவர்களைத் தேடிப் பிடித்து, டேப் ரெக்கார்டரில் பேசவிட்டு, கேட்டுக் கேட்டு எழுதி, 'வரி வரியாய்' என்ற தலைப்பில் அச்சடிப்பார்கள். புதுப் பாட்டுக்கு மதிப்பெண்ணாக ஸ்பீக்கர் கொடுப்பார்கள். அஞ்சு ஸ்பீக்கர் வாங்கியவன் தெருவில் நடந்தால் நாய்கூட ஒதுங்கி வழிவிடும். மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் கடிதம் போட்டார்கள். நடுப்பக்கப் படத்தைக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டாத வீடு இந்தப் பேட்டையில் அப்போது கிடையாது, சத்தியமாகக் கிடையாது.

அப்புறம் பாட்டு போனுக்குள் வந்தது. பாட்டே கைக்குள் வந்த பிறகு பாட்டைப் பற்றிப் படிக்க எவனுக்குப் பொறுமை? ஷூ கடைக்காரன் விளம்பரத்தை நிறுத்தினான், கேசட் கடைக்காரன் கடையையே நிறுத்தினான். மாதம் ஒன்று வந்தது இரண்டு மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு தோன்றினால் ஒன்றாகி, நாற்பத்து நாலாம் இதழ் அச்சாகியும் கடைக்குப் போகாமல் கொடோனிலேயே தங்கிவிட்டது. எட்வின் மஸ்கட்டுக்குப் போனான். முடிந்தது கதை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இப்போது பஜ்ஜித் தாளில் எழுந்து வந்து நிற்கிறது பாருங்கள்.

ஒரு வாரத்தில் பேட்டைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எந்தப் பக்கத்தில் மடித்த பஜ்ஜியோ அந்தப் பக்கம்தான் வாயில் வரும், தூங்கி எழுந்தால் போய்விடும். 'வரி வரியாய்' பக்கத்தில் தின்றவர் பாட்டாகவே பேசுவார். விமர்சனப் பக்கத்தில் தின்றவர் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி வைத்த குழம்புக்கு ஒன்றரை ஸ்பீக்கர் கொடுத்துவிட்டு அன்றைக்குப் பட்டினி கிடப்பார். விளம்பரப் பக்கம் கிடைத்த துரதிர்ஷ்டசாலி ராத்திரி வரைக்கும் ஷூ விற்பார். வாசகர் கடிதத்தில் தின்றவர்கள், "சென்ற இதழ் அருமை, ஆனால் எங்கள் ஊருக்கு ஏன் வருவதில்லை?" என்று பஸ் கண்டக்டரைப் பார்த்து உருகி உருகிக் கேட்டார்கள். அதில் பாதி நியாயம் இருந்ததால் கண்டக்டரும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனங்கள் இதை வைத்துக்கொண்டு வாழப் பழகியதைத்தான் சொல்ல வேண்டும். காதலிக்கிறவர்கள் நாற்பதாம் இதழின் பதினாலாம் பக்கத்தைக் கேட்டு வாங்கினார்கள். மாமியாரோடு சண்டை போடப் போகிறவள், "அக்கா, போட்டிப் பாட்டு பக்கமா பாத்து மடி, காரமா இருக்கட்டும்" என்றாள். ரேஷன் கடையில் பாட்டிலேயே கேட்டால் பருப்பு சீக்கிரம் கிடைத்தது. அடகுக்கடை கிஷன்லால் தின்றபோது அது அவருடைய தமிழில் வந்தது, துப்புரவு வேலை பார்க்கிற பார்வதம்மா தின்றபோது தெலுங்கு இழுவையோடு வந்தது. ஏனென்றால் தாள் வார்த்தையைத்தான் கொடுக்கும், வாய் அவரவருடையது. அச்சடித்த தாளில் எண்ணெய்ப் பண்டம் மடிக்கக் கூடாது என்று சொல்ல ஓர் அதிகாரி வந்தார். சோதனைக்கு என்று ஒரு பஜ்ஜியை வாயில் போட்டார். பாவம், விமர்சனப் பக்கம். தான் கொண்டுவந்த நோட்டீஸைத் தானே உரக்கப் படித்து, "மொழி மரக்கட்டை, தாளம் சுத்தமாக் கிடையாது, அரை ஸ்பீக்கர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அப்புறம் வரவில்லை.

வேதமுத்து மட்டும் அந்தத் தாளில் ஒரு பஜ்ஜி தின்றதில்லை. கேட்டால் கேஸ் ட்ரபிள் என்பார். கேஸும் இல்லை, ஒரு ட்ரபிளும் இல்லை, பயம். கன்னியம்மாள் புதுக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எந்த இதழ் என்று பார்ப்பார். முப்பத்தொன்று இல்லை என்றால்தான் அவருக்கு மூச்சு வரும்.

அந்த முப்பத்தொன்றைச் சொல்வதற்கு முன்னால் வேதமுத்துவின் நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பேட்டையில் மழைக்கு 'மய', வழிக்கு 'வயி', வாழைப்பழத்துக்கு 'வாயப்பயம்'. பிறந்ததிலிருந்து அப்படித்தான், அதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது. ஆனால் வேதமுத்து தமிழ் படிக்கக் கல்லூரிக்குப் போனார். முதல் நாள் எழுந்து நின்று, என்ன பாடம் என்று கேட்டதற்கு "தமிய்" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மூன்று வருஷமும் அவருக்கு 'தமிய்' என்றே பெயர். கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்து, வாய் வலிக்க வலிக்கப் பழகி, கடைசியில் கற்றுக்கொண்டார் அந்த ஒரே ஓர் எழுத்தை. கற்றுக்கொண்ட பிறகு எங்கே 'ய' கேட்டாலும் அவர் கை அரித்தது.

அப்படியிருக்கையில் வந்தவன் மகிமைதாஸ். பத்தொன்பது வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு, தொண்டை மட்டும் லாரி ஹாரன். மகி டேப் ரெக்கார்டர் முன்னால் குந்திக்கொண்டு கொடுத்த பாட்டுக்கு ஆறு ஸ்பீக்கர் கொடுக்க வேண்டும், அஞ்சுக்கு மேல் கிடையாதே என்று எட்வின் துள்ளினான்.

"மய பேஞ்சா ஒயுவும் எங்க வூட்டுக் கூர,
வயி கேட்டா காட்டுவேன் வாடா நேர,
கெய்வி கூட சொல்லுவா எம்பாட்டு நயம்,
எம்பேரு கேட்டா ஊருக்கே பயம்!"

வேதமுத்து எழுதினார். 'மய'வை மழை ஆக்கினார், சரி. 'வயி'யை வழி ஆக்கினார், சரி. 'கெய்வி'யைக் கிழவி ஆக்கினார், அதுவும் சரி. கை அந்த வேகத்திலேயே போய் நாலாவது வரியில் இருந்த பயத்தையும் பழம் ஆக்கிவிட்டது. இரண்டு தடவை பிழை திருத்தினார், இரண்டு தடவையும் கண் அதைத் தாண்டிப் போனது. மேல் வரியில் 'நயம்' என்று இருக்கிறதே, அதற்கு ஒத்து வருவது பயமா பழமா என்று தமிழ் படித்த மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லையே, அய்யோ, தோன்றவில்லையே!

முப்பத்தொன்றாம் இதழ், பதினெட்டாம் பக்கம், பெரிய எழுத்தில், மகியின் படத்துக்குக் கீழே: 'என் பேரு கேட்டா ஊருக்கே பழம்!'

பேட்டையில் எவரும் கவனிக்கவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ரேடியோக்காரர் அதைக் காலை நிகழ்ச்சியில் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் படித்தார். அதற்கடுத்த மாதம் கல்லூரி விழா மேடையில் மகி ஏறியதும் ஆயிரம் பேர் ஒரே குரலில் "பழம்! பழம்!" என்றார்கள். ஒருத்தன் வாழைப்பழமே எறிந்தான். சப்பை ஆசாமி, ஒன்றுக்கும் உதவாதவன் என்பதற்கும் பழம் என்றுதானே பெயர். மகி மைக்கைக் கீழே வைத்தான். அதோடு சரி.

எட்வின் அடுத்த இதழில் திருத்தம் போடச் சொன்னான். ஒரு வரி, ஒரு சின்னக் கட்டம். வேதமுத்து அடுத்த இதழில் போடலாம் என்றார். அதற்கடுத்ததிலும் அதையே சொன்னார். தன் பெயர் பிழை திருத்துபவர் என்று அச்சாகிற பத்திரிகையில் தன் பிழையைத் தானே அச்சடிக்க அவருக்கு மனசு வரவில்லை. இன்னும் எத்தனையோ இதழ் வரும் என்று நினைத்தார். அந்த நினைப்பில்தான் பத்திரிகை மூடியது. திருத்தம் போட இடம் இல்லாமல் போய்விட்டது.

மகி இப்போது பேட்டைக்குத் தண்ணி கேன் போடுகிறான். மூன்று சக்கர சைக்கிளில் கேனை அடுக்கிக்கொண்டு வருவான், தோளில் தூக்கி வைப்பான், "கேனு வந்துச்சி" என்பான். இத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து வருகிற பேச்சு அந்த இரண்டு வார்த்தைதான். அவனுக்குப் பேச்சே வராது என்று நினைத்துக்கொண்டிருக்கிற புதுக் குடித்தனக்காரர்கள்கூட உண்டு. மூன்று நாளைக்கு ஒரு தடவை வேதமுத்துவின் கடைக்கும் வருவான். மூன்று நாளைக்கு ஒரு தடவை வேதமுத்து வாயைத் திறப்பார், "அங்க வெச்சுடு மகி" என்று மட்டும் சொல்வார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை கன்னியம்மாள் கூப்பிட்டாள். "வேதா தம்பி, இதான் கடசி கட்டு. இத்தோட முடிஞ்சிது. எல்லாம் ஒரே பக்கம்."

முப்பத்தொன்று. அதுவும், கூடுதலாக அடித்து மீந்துபோன பதினெட்டாம் பக்கம் மட்டும்.

"அக்கா, இதை எனக்குக் கொடுத்துடுங்க."

"குட்த்துட்டு நான் பஜ்ஜிய இன்னா கையிலயா நீட்றது? மய வேற இருட்டிகினு வருது, இன்னிக்கி ஏவாரம் அள்ளும்பா."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க. ஒரு எழுத்து தப்பா இருக்கு. அதை மட்டும் திருத்திக் கொடுத்துடறேன்."

கன்னியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "துன்னுட்டு கீய போடற தாள்ல எய்த்து சரியா இருந்தா இன்னா, தப்பா இருந்தா இன்னா?" என்றாள். ஆனாலும் கட்டைத் தூக்கிக் கொடுத்தாள்.

வேதமுத்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். கட்டைப் பிரித்து, தாள் தாளாக எடுத்து, 'ழ'வை அடித்து, மேலே கறுப்பு மையில் 'ய' என்று எழுதினார். அவருடைய கணக்கு இதுதான்: இந்தப் பக்கம் இன்று பேட்டை வாயில் ஏறப் போகிறது, மகி சைக்கிளில் இந்த வழியாகத்தான் வருவான், வரும்போது அவன் காதில் அந்த வரி ஒரு தடவையாவது சரியாக விழ வேண்டும். இனி இதழ் கிடையாது, இதைவிட்டால் திருத்தம் போட வேறு இடமும் கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பத்தொன்பது வயது முகம் அவரைப் பார்த்துச் சிரித்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. விரலெல்லாம் மை. பாதிக் கட்டு முடிவதற்குள் தூறல் ஆரம்பித்து, கூட்டம் கூடிவிட்டது. கன்னியம்மாள் வந்து, "போதும் தம்பி, ஜனம் நிக்கிது" என்று, திருத்தியது திருத்தாதது எல்லாவற்றையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஓடினார். அவள் எந்தத் தாளை எடுக்கிறாள் என்று பார்க்கப் பார்க்க அவருக்கு வியர்த்தது. முதல் தாள் திருத்தாதது. லாசர் கைக்குப் போனது.

லாசர் தின்றார். துடைத்தார். வேதமுத்து காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினார்.

"மய பேஞ்சா ஒயுவும் எங்க வூட்டுக் கூர" என்று ஆரம்பித்த லாசர், வயியைச் சொன்னார், கெய்வியைச் சொன்னார், கடைசியில் தோளைத் தட்டி, "எம்பேரு கேட்டா ஊருக்கே பயம்!" என்றார்.

வேதமுத்துவின் கை அப்படியே நின்றது. அடுத்தது பார்வதம்மா, திருத்தியது. பயம் என்றாள். அடுத்தது ஆட்டோக்காரர், திருத்தாதது. பயம் என்றார். பூக்காரி, டியூஷன் போய் வருகிற பெண்கள், செருப்புத் தைக்கிறவர், மழைக்கு ஒதுங்கிய தாலி கட்டாத ஜோடி ஒன்று, எல்லாரும் பயம், பயம், பயம். பழம் என்று அச்சடித்தாலும் இந்தப் பேட்டைக்கு அது பயம்தானே! அந்தத் தப்பு இந்த ஜனங்களின் வாயில் ஒருநாளும் இருந்ததில்லை. மேம்பாலத்துத் தூண்கள் அதிர அதிர நூறு வாய் ஒரே அடியில் மகியின் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மழையில் நனைந்த கேன்களோடு மகி வந்து பிரேக் போட்டான்.

இறங்கவில்லை. ஹேண்டில் பாரைப் பிடித்தபடி கேட்டான். முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் பெடலில் இருந்த கால் மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தது.

வேதமுத்துவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இதைத் தன் வாயாலும் அவனிடம் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கன்னியம்மாளிடம் மீந்திருந்தது ஒரே ஒரு தாள். நல்ல வேளையாக அவர் திருத்திய தாள், கறுப்பு மையில் 'ய' பளிச்சென்று தெரிந்தது. "கடசி பஜ்ஜி. நீயே துன்னு தம்பி, நீதான் ஒருநாளும் துன்னதில்ல" என்று நீட்டினாள். வேதமுத்து அதை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய், மகிக்கு எதிரில் நின்று, சூடு ஆறுவதற்குக்கூடக் காத்திராமல் தின்றார்.

வாய் திறந்தது. மழை என்றார், அவ்வளவு அழகான மழை. வழி என்றார். கிழவி என்றார். ஒவ்வொரு ழகரமும் நாக்கில் சுழன்று தேன் மாதிரி இறங்கியது. கடைசி வரிக்கு வந்து, மகியின் கண்ணைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து, "என் பேரு கேட்டா ஊருக்கே பழம்" என்றார்.

தாளம் போட்ட கால் நின்றது.

அவர் தாளைப் பார்த்தார். 'ய' அங்கேயே இருந்தது. மழையில் கரைந்து விரலில் வழிந்தது. பேனா மைக்குப் பேச்சு இல்லை, அச்சு மைக்குத்தான் உண்டு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னாது? வேதாண்ணன் மட்டும் வேற என்னமோ சொல்றாரு?" என்று கூட்டத்தில் பஜ்ஜி கிடைக்காத யாரோ கேட்டார்கள்.

மகி கேன்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வேதமுத்துவைப் பார்த்தான். இத்தனை வருஷம் கழித்து அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினான்.

"ஊர்ல எல்லாரும் சரியாத்தாண்ணா சொல்றாங்கோ. உன் வாயி மட்டுந்தான் ரொம்ப சுத்தம்."

மன்னிச்சுக்கடா என்று சொல்ல வேதமுத்து வாயைத் திறந்தார். மழை பேஞ்சா என்று ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய வழிய நாலு வரியும் வந்தது. மகி போகாமல் முழுசாகக் கேட்டான். கடைசி வார்த்தை வருகிற இடத்தில், அவர் சொல்வதற்குள், மகி தன் லாரி ஹாரன் தொண்டையைத் திறந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "பயம்!" என்று சொல்லிவிட்டு, பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து கன்னியம்மாள் வாழை இலை நறுக்கில் பஜ்ஜி கொடுத்தாள், தின்றவர்கள் சட்னியில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் மழை பெய்த அந்த ராத்திரி வேதமுத்துவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிகிறவரைக்கும் அவர் வாயில் பழம்தான் இருந்தது.